மனவிழிப்புப் பயிற்சியும் நான்காஞ் சூத்திரமும்

தேர்வுக் காலம் அணுகுந்தோறும் எம் கீழ்பென்னாத்தூர்ப் பிள்ளைகளின் முகம் வாடக் காண்கின்றோம். இவ்வச்சந் தணித்தற்பொருட்டு, மாணாக்கரை வகுப்பறையிற் சிறிதுபோது கண்மூடியிருத்தி, மூச்சின் போக்குவரவையும் நெஞ்சில் எழும் எண்ணங்களையும் அமைதியாக நோக்கச் செய்யும் மனவிழிப்புப் பயிற்சி பல நாடுகளிற் பரவியுள்ளது. 1979-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசச்சூசெட்சுப் பல்கலைக்கழகத்தில் ஜான் கபட்-சின் என்பார், புத்த சமய வழக்கினின்றும் எடுத்து நோயாளர்க்கென வகுத்த முறை பின்னர்ப் பள்ளிகளினும் புகுந்தது. தில்லி அரசுப் பள்ளிகளில் 2018-இல் தொடங்கிய மகிழ்ச்சிப் பாடத்தினும் இஃது இடம்பெற்றது. சைவர் இதனைக் கொள்ளலாமோ என்பது வினா.

புத்தர்வழி வந்ததென்னும் அவ்வொன்றே பற்றித் தள்ளுதல் முறையன்று. சிவஞான சித்தியார் பரபக்கத்து மறுக்கப்பட்டது ஆன்மா இல்லையென்னும் அவர் கொள்கையாகும். இப்பயிற்சியோ, உற்று நோக்குவார்க்கு ஆன்மாவின் உண்மையையே காட்டும்.

அந்தக்கரணங்களுள் ஒன்றும் ஆன்மாவன்று என்பது சிவஞானபோத நான்காஞ் சூத்திரத்தின் துணிபு. அரசனும் அமைச்சரும் ஆண்டு உவமையாவர். தேர்வஞ்சும் மாணாக்கனிடத்து இதனைக் காண்க. மனம் 'தேறுவேனோ, தவறுவேனோ' என ஐயுறும். அகங்காரம் 'யான், யான்' என முனையும். புத்தி 'தவறியே போவேன்' எனத் துணியும். சித்தம் அதனையே மீளமீளச் சிந்திக்கும். அமைச்சர் நால்வரும் கலங்க, அரசன் தன்னையும் அவருள் ஒருவனாகவே எண்ணி மயங்குகின்றான். அவ்வச்சத்தைச் சற்றே விலகி நோக்குங்கால், நோக்கப்படும் அச்சம் வேறு, நோக்கும் தான் வேறு என்பது சிறுவனுக்கும் புலனாம். பாடங்கேட்டுப் பல்லாண்டு கழித்த நம்மனோர்க்கும் இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதுண்டு.

ஆயினும் அவ்வளவிற் குறை தீர்ந்திலது. பிரித்தானியாவில் 85 பள்ளிகளில், 8,000-க்கு மேற்பட்ட இளமாணாக்கரிடை நிகழ்ந்த ஆராய்ச்சியின் முடிவு 2022-இல் வெளிவந்தது. ஆண்டு வழக்கமாகக் கற்பிக்கப்படும் மனநலப் பாடத்தினும் இப்பயிற்சி மேம்பட்ட பயன் தந்திலது. பிள்ளைகளிற் பெரும்பாலோர் வீட்டில் இதனைப் பயின்றிலர்.

சித்தாந்தம் அறிந்தார்க்கு இது வியப்பன்று. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கனுள் அகத்தை நோக்கியிருத்தல் யோகத்தின் பாற்படும். முதற்படி ஏறாதாரை மூன்றாம் படியில் நிறுத்தினால் கால் தளரும். அன்றியும், சார்ந்ததன் வண்ணமாதல் ஆன்மாவின் இயல்பு. அச்சத்தை விடுவித்து, பற்றுதற்கு வேறொன்றும் தாராவிடின், அது பழைய அச்சத்தையே மீளச் சாரும்.

அண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வரும் பிள்ளையைப் பாருங்கள். கால் நடக்கும், வாய் பெயர் சொல்லும், இந்திரலிங்கந் தொட்டு ஈசானலிங்கம் வரை எட்டிடத்தும் மனம் நின்று நின்று செல்லும். அரைநாழிகை அசையாதிருக்க மாட்டாத சிறுவனும் இதனைச் செய்வான். இது சரியை.

பல சமயத்துப் பிள்ளைகளும் பயிலும் அரசுப் பள்ளியில் ஐந்தெழுத்தைப் புகட்டுதல் தகாது. அதனை யாம் வேண்டவுமில்லை. வளாகம் பெருக்கல், மரத்துக்கு நீர்விடல், கூடிப் பாடல் என உடலால் இயற்றுவன முன்வரட்டும். மூச்சை நோக்கல் பின்வரட்டும். உறக்கமும் உணவுங் கெட்ட பிள்ளையை மருத்துவரிடமே விடுத்தல் வேண்டும். மடங்கள் நடத்தும் பள்ளிகளிலேனும் இவ்வொழுங்கு, தேர்வு மாதத்துக்கெனக் காத்திராது, பள்ளி திறக்கும் நாள்தொட்டே தொடங்கல் வேண்டும்.