பொலேலா காட்டிய வழி



பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் பட்டம் பயிலும் ஒருவர் நோய்ப்பரவலியலையும் உயிர்ப்புள்ளியியலையும் வகுப்பறையிலேயே கற்றுக்கொள்ளலாம்; ஆனால் நோயாளியைத் தாண்டி ஓர் ஊரையே பார்க்கும் கண், அந்த ஊரோடு நெடுநாள் பழகினாலன்றி வாய்ப்பதில்லை என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் பொலேலா சுகாதார நிலையம் சான்றாக நிற்கிறது.

நேட்டால் மாகாணத்தில் ஜூலு மக்கள் வாழ்ந்த வறிய ஊர்ப்புறம் ஒன்றில், 1940-இல் சிட்னி கார்க், எமிலி கார்க் என்னும் மருத்துவத் தம்பதியர் அதைத் தொடங்கினர். தேடி வந்தவர்களுக்கு மருந்து கொடுத்ததோடு நில்லாமல், எல்லை வகுத்துக்கொண்ட பகுதியில் வீடு வீடாகச் சென்று பிறப்பு, இறப்பு, உணவு, நோய் ஆகியவற்றைத் தொடர்ந்து பதிவுசெய்தனர். மருத்துவர் ஓர் உடலைச் சோதிப்பதுபோல ஒரு மக்கள்தொகுதியின் நலிவையும் அதன் காரணங்களையும் ஆராய்ந்தறியும் இம்முறையே சமூக நோயறிதல் எனப்படுகிறது. குழந்தைகளின் ஊட்டக்குறைவுக்குப் பின்னால் மண்ணரிப்பால் விளைச்சல் குன்றிய நிலமும், ஆண்கள் பிழைப்புக்காகச் சுரங்கங்களுக்கும் நகரங்களுக்கும் சென்றுவிட்டதால் தனித்துவிடப்பட்ட குடும்பங்களும் இருந்தன. சிபிலிஸ் நோய் பரவியதற்கு இந்தக் குடிபெயர் உழைப்பு முறையே வழிவகுத்தது என்பதைச் சிட்னி கார்க் 1949-இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். அதனால்தான் அந்நிலையத்தின் பணிகளில் ஊசிமருந்துக்கு நிகரான இடம் காய்கறித் தோட்டத்துக்கும் கிடைத்தது.

அங்கு 1957-இல் பயிற்சிக்கு வந்த அமெரிக்க மருத்துவ மாணவர் ஜாக் கைகர், பின்னர் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் துணையுடன் மிசிசிப்பி மாநிலத்து மவுண்ட் பயூவில் ஒரு சமூக நல நிலையத்தை உருவாக்கினார். பசியால் நலிந்த குழந்தைகளுக்கு அதன் மருத்துவர்கள் மருந்துச் சீட்டில் உணவையே எழுதிக்கொடுக்க, உள்ளூர் மளிகைக் கடைகள் பொருளை வழங்கின. அந்தச் செலவு மருந்தகக் கணக்கில் சேர்ந்தது. கிணறு தோண்டுவதும் கழிப்பிடம் கட்டுவதும்கூட மருத்துவப் பணியாகவே கருதப்பட்டன. பொலேலாவில் கற்றது மருத்துவ நுட்பம் மட்டுமாக இருந்திருந்தால் இவை நிகழ்ந்திருக்க வாய்ப்பில்லை.

ஆகவே, பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுக்குமுன் அதை நடத்தும் துறைக்கென நிலையான களப்பகுதி உண்டா, அங்குத் திரட்டப்படும் தரவுகள் அம்மக்களுக்குப் புரியும் வடிவில் அவர்களிடமே திரும்பிச் செல்கின்றனவா, எதை முதலில் சரிசெய்வது என்பதை முடிவுசெய்யும் அவையில் அவர்களுக்கு இடம் உண்டா என்று விசாரிப்பது நல்லது. சில வாரக் களப்பயிற்சியில் வினாநிரல்களை நிரப்பி எடுத்துக்கொண்டு ஆய்வேட்டை முடித்துவிடுவது, எத்தனை செம்மையான புள்ளியியலைக் கொண்டிருந்தாலும், அந்த ஊருக்கு எதையும் விட்டுச்செல்வதில்லை.

மவுண்ட் பயூ நிலையம் விட்டுச்சென்றவற்றுள் மிகப் பெரியது மனிதர்களே எனலாம். அதன் முயற்சியால் உருவான உழவர் கூட்டுறவில் பணியாற்றிய எல்.சி. டார்சி, மிசிசிப்பியின் குத்தகை உழவர் குடும்பத்தில் பிறந்தவர். சமூகப் பணியில் உயர்கல்வி முடித்து முனைவர் பட்டமும் பெற்ற அவர், பின்னாளில் அதே நல நிலையத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றார்.