தூரம் கூடினால் நேரமும் கூடுமா?

டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ எவ்வளவு தூரம்? கைபேசியில் தட்டினால் சுமார் 12,400 கிலோமீட்டர் என்று வரும். அதை மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்து, பதினான்கு மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம் என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். நடப்பது வேறு.

உலகப் படத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அதுதான் குறுக்குவழி என்ற எண்ணம் முதலில் தவறு. கிழக்கு நோக்கிப் போட்டால் அந்தக் கோடு பசிபிக்கின் நடுவே போகும். பூமி உருண்டை ஒன்றில் இரண்டு ஊர்களுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் திபெத், சைபீரியா என்று மேலேறி, ஆர்க்டிக் கடலைத் தொட்டு, அலாஸ்கா வழியாக இறங்கும். 12,400 என்பது அந்த நூலின் நீளம்.

ஆனால் விமானம் அப்படியே நூல் பிடித்துப் போவதில்லை. கேபினில் காற்றழுத்தம் குறைந்தால் விமானி உடனே 10,000 அடி உயரத்துக்கு இறங்க வேண்டும். திபெத் பீடபூமியில் தரையே அதைவிட உயரம். பயணிகளின் ஆக்சிஜன் முகமூடியோ ஏறத்தாழ கால் மணி நேரம்தான் தாங்கும். எந்த நாடு தன் வான்வெளியை யாருக்கு மூடியிருக்கிறது என்பதும் பாதையை வளைக்கும். 2022-ல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும், ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பது மணி நேரமாக இருந்த பயணம் பதின்மூன்று மணி நேரமானது.

தூரம் குறைந்தால் நேரமும் குறையும் என்பதுதான் எல்லாவற்றிலும் ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா இதே டெல்லி – சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. பழைய வழி சுமார் 13,900 கிலோமீட்டர், புதியது 15,300. தூரம் 1,400 கிலோமீட்டர் கூடியது. நேரமோ ஏறத்தாழ இரண்டு மணி குறைந்து, பதினான்கரை மணி நேரத்தில் விமானம் தரையிறங்கியது. சராசரி போட்டால் மணிக்கு 1,055 கிலோமீட்டர். இயந்திரத்தின் வேகம் கூடவில்லை. மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. அட்லாண்டிக் வழியில் அதே காற்று எதிரே நின்று மறித்திருந்தது.

பூமி சுழல்வதால்தான் இந்த வித்தியாசம் என்று சொல்வோரும் உண்டு. பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுழல்கிறது. அதனால் விமானத்துக்குக் கீழே ஊர் நகர்ந்து வந்துவிடாது. காற்றின் தயவில்தான் 2020 பிப்ரவரியில், புயல் வீசிய ஓர் இரவில், நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு பயணிகள் விமானம் ஐந்து மணி நேரத்துக்குள் சென்றது. எதிர்த்திசையில் வழக்கமாக ஏழரை, எட்டு மணி நேரம் ஆகும்.

டிக்கெட்டைப் பார்க்கும்போதும் கவனம் தேவை. கோடையில் டெல்லியில் அதிகாலை 4 மணிக்குக் கிளம்பிப் பதினைந்தரை மணி நேரம் பறந்தால், சான் பிரான்சிஸ்கோவில் அதே தேதியில் காலை 7 மணி. அச்சிட்டிருப்பது அந்தந்த ஊரின் நேரம். இடைவெளி பன்னிரண்டரை மணி. பயண நேரம் என்று குறிப்பிடுவதிலும் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் வரிசையில் காத்திருப்பதும் அடங்கும். ஆகவே அரை மணி தாமதமாகக் கிளம்பிய விமானம் சரியான நேரத்துக்கே வந்து நிற்பதுண்டு.