பழைய காருக்குப் புதிய உறுப்பு: முப்பரிமாண அச்சிடல்



வாழைச்சேனைச் சந்தியிலோ ஓட்டமாவடிப் பாலத்தடியிலோ ஒரு மொறிஸ் மைனர் கார் போவதை நீங்கள் கண்டிருக்கலாம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இக்கார் 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமானது. பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்ட பின்னர் 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றுபோனது. அவ்வாறாயின் இன்று அதன் கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைபிடி உடைந்தால் புதியதை எங்கே வாங்குவது? செய்த தொழிற்சாலையே இல்லை. பழைய இரும்புக் கடையில் தேடலாம், லேத் பட்டறையில் ஒன்றைக் கடைந்து தரச் சொல்லலாம். அண்மைக் காலத்தில் மூன்றாவது வழியொன்றும் வந்துள்ளது. அதுவே முப்பரிமாண அச்சிடல்.

இத்தலைப்பில் வினா வந்தால் "இதனால் எப்பொருளையும் செய்யலாம்" என்று எழுதும் மாணவர் பலர். அவ்விடைக்குப் புள்ளி கொடுப்பது கடினம். எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, ஏன் என்பதை விளக்கும் விடையே முழுப் புள்ளிக்குரியது. ஆகவே இப்பாடத்தில் அதற்கே கூடிய இடம் ஒதுக்கியுள்ளோம்.

அடுக்கடுக்காக உருவாதல்

புவியியல் பாடத்தில் சமவுயரக் கோட்டுப் படத்தைப் பார்த்து மலையொன்றின் மாதிரியுருவைச் செய்த அனுபவம் உங்களுக்கு இருக்கும். ஒவ்வொரு கோட்டின் வடிவத்துக்கும் மட்டையை வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டினால் மலை எழும்பும். முப்பரிமாண அச்சுப்பொறி செய்வதும் இதையேதான். கணினியில் வரைந்த உருவை மெல்லிய கிடைத்துண்டுகளாகப் பிரித்து, அடியிலிருந்து ஒவ்வொன்றாக இட்டுக்கொண்டு வருகிறது. மட்டைக்குப் பதிலாக வாழைச்சேனைக் கடதாசி ஆலையின் தாள்களை அடுக்கியதாக எண்ணிப் பாருங்கள். மலையின் பக்கத்தில் படிகள் கண்ணுக்கே தெரியாது. அடுக்கு மெல்லியதாகும் அளவுக்கு உரு செம்மையாகும், ஆனால் செய்து முடிக்கும் நேரமும் கூடும்.

உதாரணமாக, 24 மி.மீ. உயரமான கைபிடியை 0.2 மி.மீ. தடிப்பான அடுக்குகளால் அச்சிடின் 24 ÷ 0.2 = 120 அடுக்குகள் வேண்டும். தடிப்பை 0.1 மி.மீ. ஆக்கினால் 240 அடுக்குகள்.

கடைசல் வேலையில் பெரிய கட்டியிலிருந்து வேண்டாததை வெட்டி நீக்குகிறோம். இங்கே வேண்டிய இடத்தில் மட்டும் பொருளைச் சேர்க்கிறோம். இவ்வேறுபாட்டை வினாத்தாளில் தவறாமல் எழுதுங்கள்.

மூலப்பொருளைக் கொண்டு முறைகள் வேறுபடும். மலிவான பொறிகள் பிளாத்திக்கு இழையை உருக்கிக் கோலம் இடுவதுபோல இழுத்து அடுக்குகின்றன. இன்னொரு வகையில் நைலோன் தூளைப் பரப்பி, வேண்டிய இடங்களை மட்டும் லேசர் ஒளியால் ஒட்டவைப்பர். உலோகத் தூளையும் லேசரால் உருக்கி அடுக்கலாம். அப்பொறிகள் மிக விலையானவை, சாதாரண கராஜுக்கு எட்டாதவை.

இது நேற்று வந்த கலையுமன்று. ஜப்பானில் ஹிடியோ கொடாமா 1981இலேயே இவ்வழியைப் பற்றி எழுதினார். அமெரிக்காவில் சார்ள்ஸ் ஹல் 1984இல் விண்ணப்பித்த காப்புரிமை 1986இல் கிடைத்தது. 2005இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் தொடங்கிய ரெப்றாப் திட்டமும், இழை முறைக்கான முக்கிய காப்புரிமை 2009இல் காலாவதியானதும்தான் இப்பொறியைச் சாதாரண மனிதரின் மேசைக்குக் கொண்டுவந்தன.

ஏன் பழைய கார்களுக்கு?

காரணம் எண்ணிக்கையே. ஓர் உறுப்பை வார்ப்பதற்கு முதலில் அச்சு செய்ய வேண்டும். அச்சுக்கு 300 000 ரூபா செலவாகிறது எனக் கொள்வோம். ஓர் இலட்சம் உறுப்புகள் வார்த்தால் ஒன்றின் தலையில் 3 ரூபா மட்டுமே விழும். பத்து உறுப்புகள்தான் வேண்டுமெனில் ஒவ்வொன்றின் தலையிலும் 30 000 ரூபா. முப்பரிமாண அச்சிடலில் அச்சு இல்லை, ஆகவே ஒன்று செய்தாலும் நூறு செய்தாலும் ஒன்றின் செலவு பெரிதாக மாறாது. தொகை பெரிதாயின் வார்ப்பே மலிவு, சிறிதாயின் அச்சிடலே மலிவு.

போர்ஷே நிறுவனம் 2018இல் இதைக் காட்டியது. அதன் 959 என்னும் கார் மொத்தம் 292 மட்டுமே செய்யப்பட்டது. அதன் கிளச்சை விடுவிக்கும் நெம்பு முன்னர் வார்ப்பிரும்பால் ஆனது. 292 கார்களுக்காக மறுபடியும் வார்ப்பது கட்டாது. ஆகவே உருக்குத் தூளை 0.1 மி.மீ.க்கும் குறைவான அடுக்குகளாகப் பரப்பி, லேசரால் உருக்கிச் செய்தனர். செய்து முடித்தவுடன் காரில் பூட்டிவிடவில்லை. ஏறத்தாழ மூன்று தொன் சுமையேற்றிச் சோதித்தனர், பின்னர் உள்ளே வெடிப்பு உண்டா என ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தனர். அச்சிடுவதைவிடச் சோதிப்பதே பெரிய வேலை என்பதைக் கவனியுங்கள்.

வேறொரு வழியும் உண்டு. அமெரிக்காவின் தொலைக்காட்சிக் கலைஞர் ஜே லெனோ, 1907ஆம் ஆண்டின் வைற் நீராவிக் காரின் நீர்சூடாக்கி உறுப்பொன்றை 2009 அளவில் ஒளிவருடியால் அளந்து பிளாத்திக்கில் அச்சிடுவித்தார். பிளாத்திக்கு உரு காரில் பூட்டுவதற்கன்று, அதை மாதிரியாக வைத்து உலோகத்தில் வார்ப்பதற்கு. என் எண்ணத்தில் நமது பகுதிக்கு ஏற்ற வழி இதுவே. மலிவான பொறியில் மாதிரியை அச்சிட்டு, மண்ணச்சில் பதித்து, பட்டறையில் அலுமினியத்தில் வார்த்துக்கொள்ளலாம்.

இலங்கையர் இத்துறைக்குப் புதியவரல்லர். 1990களில் மொறிஸ் மைனரின் உடற்தகடுகள் இலங்கையிலே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகின. கார் பிறந்த நாட்டுக்கே நாம் உறுப்பு அனுப்பினோம். அவற்றை வாங்கியது பாத் நகரத்து மொறிஸ் மைனர் நிலையம். ரெப்றாப் பிறந்ததும் அதே ஊர்தான்!

அளத்தல்: பலர் தவறும் இடம்

உடைந்த உறுப்பை அளந்து அப்படியே வரைந்தால் போதும் எனத் தோன்றும். அது பிழை. ஐம்பது, அறுபது ஆண்டு ஓடிய உறுப்பு தேய்ந்திருக்கும். அதைப் பிரதிசெய்தால் தேய்மானத்தையும் சேர்த்தே பிரதிசெய்வீர்கள்.

தண்டொன்றைத் தாங்கும் புஷ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் துளையை வேணியர் இடுக்கிமானியால் ஒரு திசையில் அளந்தால் 16.4 மி.மீ., குறுக்குத் திசையில் அளந்தால் 16.7 மி.மீ. இரு அளவுகளும் வேறுபடுவதால் துளை நீள்வட்டமாகத் தேய்ந்துள்ளது என அறிகிறோம். இரண்டில் எதை எடுப்பது? இரண்டையும் எடுக்கக் கூடாது. தண்டில் புஷ் உரசாத, தேயாத பகுதியைத் தேடி அளக்க வேண்டும். அது 15.9 மி.மீ. என்கிறது.

இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். மொறிஸ் மைனர் அங்குல அளவில் செய்யப்பட்ட கார். அங்குலப் பின்னங்களில் 5/8 அங்குலத்தை மாற்றினால் 5/8 × 25.4 = 15.875 மி.மீ. இடுக்கிமானியின் இழிவெண்ணிக்கை 0.1 மி.மீ. ஆதலால் அது 15.9 எனக் காட்டியது. ஆகவே வடிவமைத்தவர் எண்ணிய அளவு 5/8 அங்குலமே. தண்டு சுழல 0.2 மி.மீ. இடைவெளி விட்டால் துளையின் விட்டம் 16.075 மி.மீ. ஆகும்.

அடுத்தது சுருக்கம். சூடாக உருவான உறுப்பு ஆறும்போது சுருங்கும். நைலோன் தூள் முறையில் இது ஏறத்தாழ 3% ஆகும். 60 மி.மீ. நீளமான உறுப்பு வேண்டுமெனில் எந்நீளத்தில் அச்சிட வேண்டும்?

அச்சிடும் நீளம் ல எனின், ல × 0.97 = 60. ஆகவே ல = 60 ÷ 0.97 = 61.86 மி.மீ.

60 × 1.03 = 61.80 என எழுதுவோர் அதிகம். அது ஆறிய பின் 59.95 மி.மீ. ஆகிவிடும். வீதம் எந்த அளவின்மீது கணிக்கப்படுகிறது என்பதை மறந்ததால் வரும் பிழை இது. கணித பாடத்தில் கழிவுக் கணக்கிலும் இதே பிழையைத்தான் விடுகிறீர்கள்.

எந்தப் பொருளில் அச்சிடுவது?

பாசிக்குடா வெயிலில் கண்ணாடிகளை மூடி நிறுத்திய காரில் முகப்புத் தட்டின் வெப்பநிலை 70 செல்சியஸ் பாகையைத் தாண்டக்கூடும். மலிவான பிஎல்ஏ பிளாத்திக்கு ஏறத்தாழ 60 பாகையில் இளகத் தொடங்கும். காலையில் பூட்டிய குமிழ் மாலையில் வளைந்து தொங்கும். ஏபிஎஸ் ஏறத்தாழ 105 பாகை வரை தாங்கும், ஆனால் பெற்றோல் பட்டால் கெட்டுவிடும். நைலோன் வெப்பத்தையும் பெற்றோலையும் இதைவிட நன்றாகத் தாங்கும். 1990களின் தட்டுப்பாட்டில் யாழ்ப்பாணத்தில் பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியதைப் பெரியோர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். உலோகக் காபரேற்றர் அதைப் பொறுத்துக்கொண்டது. அச்சிட்ட பிளாத்திக்கிடம் அப்பொறுமையை எதிர்பாராதீர்கள்.

இது வெறும் செலவுப் பிரச்சினை அன்று. 2025 மார்ச் மாதம் இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயர் விமான நிலையத்தில் சிறிய விமானமொன்று தரையிறங்கும்போது வலு இழந்து விழுந்தது. இயந்திரத்துக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் வளைகுழாய் முப்பரிமாண அச்சில் செய்யப்பட்டிருந்தது. அது சூட்டில் இளகி ஒடுங்கி, காற்றை அடைத்துவிட்டது. கார்பன் இழை கலந்த ஏபிஎஸ், 105 பாகையில்தான் இளகும் என்று உரிமையாளர் எண்ணியிருந்தார். விபத்தின் பின் சோதித்தபோது அது 52.8 பாகையிலும் 54.0 பாகையிலும் இளகியது. விமானி சிறு காயத்துடன் தப்பினார். காரின் காபரேற்றருக்குக் காற்று கொண்டுசெல்லும் குழாயும் இதே வேலையையே செய்கிறது. ஆகவே விற்பவர் சொன்ன பெயரை மட்டும் நம்பாமல், உறுப்பு இருக்கப்போகும் இடத்தின் வெப்பநிலைக்குச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

அடுக்கின் திசையும் முக்கியம். விறகை நாரோட்டத்தின் வழியே கோடரியால் இலகுவாகப் பிளக்கலாம், குறுக்கே வெட்டுவது கடினம். அச்சிட்ட உறுப்பும் அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே பலவீனமானது. கண்ணாடி ஏற்றும் கைபிடியைப் படுக்கவைத்து அச்சிட்டால் அடுக்குகள் புயத்தின் நீளவாட்டில் ஓடும், சுற்றும்போது தாங்கும். நிறுத்தி அச்சிட்டால் நாலாம் நாள் முறிந்து கையோடு வரும்.

பிரேக், சுக்கான் ஆகியவற்றின் உறுப்புகளை மேசைப் பொறியில் அச்சிட்டுப் பூட்டவே கூடாது. கைபிடி முறிந்தால் கண்ணாடி இறங்காது, அவ்வளவுதான். பிரேக் உறுப்பு முறிந்தால் ஓட்டமாவடிப் பாலத்தில் எதிரே வருபவருக்கும் சேர்த்தே ஆபத்து. குமிழ், கைபிடி, விளக்கின் வளையம், தூசு மூடி போன்றவை தாராளமாகச் செய்யத்தக்கவை. வாவிக் காற்றின் உப்பில் இரும்பு துருப்பிடிக்கும் நமது ஊரில் இவற்றைப் பிளாத்திக்கில் செய்வதில் இலாபமும் உண்டு.

பயிற்சி வினாக்கள்

1. 36 மி.மீ. உயரமான விளக்கு வளையத்தை 0.15 மி.மீ. அடுக்குகளால் அச்சிட எத்தனை அடுக்குகள் தேவை? (விடை: 240)

2. தண்டொன்றின் தேயாத பகுதியின் விட்டம் 9.5 மி.மீ. எனக் காட்டியது. கார் அங்குல அளவில் செய்யப்பட்டதாயின் மூல அளவு யாது? (விடை: 3/8 அங்குலம், அதாவது 9.525 மி.மீ.)

3. அச்சு செய்யும் செலவு 240 000 ரூபா. வார்க்கும் செலவு உறுப்பொன்றுக்கு 200 ரூபா. அச்சிடும் செலவு உறுப்பொன்றுக்கு 1 400 ரூபா. எத்தனை உறுப்புகளுக்கு இரு முறைகளின் செலவும் சமமாகும்? (விடை: 200)

4. ஒருவர் தமது காரின் ரேடியேற்றர் மூடியைப் பிஎல்ஏ பிளாத்திக்கில் அச்சிட்டுப் பூட்டினார். முதல் நாளே கொதிநீர் பீறிட்டது. வெப்பநிலை, அமுக்கம், அடுக்கின் திசை ஆகியவற்றைக் கொண்டு காரணங்களை விளக்குக. அவர் செய்திருக்க வேண்டிய சோதனை ஒன்றையும் குறிப்பிடுக.