காப்பியின் சுவை: குறை கையிலா, பொடியிலா?

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

ஒரு வீட்டில் காலைக் காப்பி நன்றாக அமைந்துவிட்டால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அமையாவிட்டால் அன்று முழுவதும் அதே பேச்சு. பழியும் ஒருவர் மீதே விழும்: காப்பி போட்டுக் கொடுத்தவர் மீது!

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா, சென்ற ஆண்டு தம் சேமிப்பிலிருந்து ஒரு சிறிய எஸ்பிரஸ்ஸோ இயந்திரம் வாங்கி வந்தார். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பித்தளைப் பில்டரில் டிகாக்ஷன் இறக்கிப் பழகிய என் தாயார் அதையும் ஆவலோடு கற்றுக்கொண்டார். ஆனால் ஒரு நாள் காப்பி அமிர்தமாக இருக்கும், மறுநாள் புளிக்கும், அதற்கு மறுநாள் நாக்கு கசந்து போகும். “உன் கைப்பக்குவம் எங்கே போயிற்று?” என்று தந்தையார் ஒரு நாள் கேட்டுவிட்டார். தாயார் பதில் சொல்லவில்லை. குறை தம் கையில்தான் என்று அவரும் நம்பத் தொடங்கியிருந்தார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனையின் முடிவு நாளுக்கு நாள் மாறினால், எந்த அளவு மாறியது என்று தேடும்படி நமக்குக் கற்பிக்கிறார்கள். சமையலறைக்கும் அந்த விதி பொருந்தாதா? அப்படித் தேடியதில் நான் அறிந்தவற்றைச் சக மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எஸ்பிரஸ்ஸோவும் பில்டரும்

எஸ்பிரஸ்ஸோ இத்தாலி நாட்டில் தோன்றிய முறை. நன்கு அரைத்த பொடியை ஒரு சிறு கிண்ணத்தில் அழுத்தி வைத்து, அதனூடே வெந்நீரை வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 9 மடங்கு அழுத்தத்தில் செலுத்துவர். பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு இது: பொடி 18 கிராம், கோப்பையில் இறங்கும் சாறு 36 கிராம், நேரம் 25 முதல் 30 வினாடி, நீரின் வெப்பம் 90 முதல் 96 டிகிரி செல்சியஸ்.

நம் பில்டரில் நீரை இறக்குவது புவியீர்ப்பு மட்டுமே. டிகாக்ஷன் இறங்கக் கால் மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். எனவே பில்டர் ஒரு பொறுமைசாலி. பொடியில் உள்ள சிறு குறைகளை அது மன்னித்துவிடும். அரை நிமிடத்தில் முடிந்துவிடும் எஸ்பிரஸ்ஸோவில் அந்த மன்னிப்புக்கு இடமில்லை. பொடி சற்றே மாறினாலும் சுவை மாறிவிடும்.

வறுத்த பின் நடப்பவை

பச்சைக் காப்பிக்கொட்டையில் ஏறத்தாழ 10 முதல் 12 சதவீதம் ஈரம் உண்டு. வறுக்கும்போது அது 2, 3 சதவீதமாகக் குறைகிறது. கொட்டை பருத்து, உள்ளே நுண்ணிய அறைகள் உண்டாகின்றன. அவ்வறைகளில் கரியமில வாயுவும் மணப்பொருள்களும் அடைபட்டு நிற்கின்றன. அராபிகா வகையில் சுமார் 15 சதவீதமும் ரொபஸ்டாவில் சுமார் 10 சதவீதமும் எண்ணெய்ப் பொருள் உள்ளது.

வறுத்த மறுநாளே எஸ்பிரஸ்ஸோ போட்டால் வாயு மிகுதியாக வெளிப்பட்டு நீரின் ஓட்டத்தைக் கெடுக்கும். ஆகவே ஐந்தாறு நாள் ஆற விடுவது நல்லது. அதற்காக நெடுநாள் விட்டுவிடவும் கூடாது. வாயு வெளியேற வெளியேற மணமும் உடன் செல்கிறது. வெளியிலிருந்து ஆக்சிஜன் உள்ளே புகுந்து எண்ணெயைக் கெடுக்கிறது. பழைய நிலக்கடலையில் வரும் சிக்கு வாடை நாம் அறிந்ததே. காப்பியிலும் அதே வினைதான் நிகழ்கிறது.

நான்கு பகைவர்கள்

காற்று, ஈரம், வெப்பம், ஒளி ஆகிய நான்கும் வறுத்த கொட்டைக்குப் பகை. எங்கள் வீட்டு டப்பா எங்கே இருந்தது தெரியுமா? அடுப்புக்கு நேர் மேலே உள்ள அலமாரியில்! கைக்கு எட்டும் இடம் என்று அங்கே வைத்திருந்தோம். சோறு வடிக்கும் ஆவியும் அடுப்பின் சூடும் நாள்தோறும் அதைத் தாக்கின. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்று முதலாண்டிலேயே படிக்கிறோம். படித்ததை டப்பாவோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

சேமிக்கும் முறை எளியது. இரண்டு, மூன்று வாரத்திற்குப் போதுமான அளவே வாங்க வேண்டும். வறுத்த தேதியைக் கடையில் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். இறுக்கமான மூடியுள்ள, ஒளி புகாத பாத்திரத்தில் அடுப்புக்கு எட்டத்தில் வைக்க வேண்டும். பெரிய டப்பாவில் கொஞ்சம் கொட்டை கிடந்தால் மீதி இடமெல்லாம் காற்றுதான். ஆதலால் கொட்டை குறையக் குறையச் சிறிய டப்பாவுக்கு மாற்றுவது நன்று.

குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா என்று பலர் கேட்பர். அன்றாடம் எடுத்துத் திறக்கும் டப்பாவை அங்கே வைப்பது தவறு. குளிர்ந்த கொட்டை மீது அறைக் காற்றின் ஈரம் பனித்துப் படியும். உள்ளே உள்ள வெங்காயம், குழம்பு ஆகியவற்றின் வாடையும் ஏறும். நீண்ட நாள் வைக்க வேண்டுமானால், ஒரு வேளைக்கு உரியதைத் தனித்தனிப் பொட்டலமாகக் காற்றுப் புகாமல் கட்டி உறைநிலைப் பகுதியில் வைக்கலாம். எடுத்த பொட்டலத்தைத் திரும்ப வைக்கக் கூடாது.

அரைத்தல்: ஒரு சிறு கணக்கு

முழுக் கொட்டையை விடப் பொடி ஏன் விரைவில் கெடுகிறது? 8 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் மேற்பரப்பு 384 சதுர மில்லிமீட்டர். அதையே அரை மில்லிமீட்டர் பக்கமுள்ள துண்டுகளாக வெட்டினால் 4096 துண்டுகள் கிடைக்கும். அவற்றின் மொத்த மேற்பரப்பு 6144 சதுர மில்லிமீட்டர். அதாவது 16 மடங்கு. நீர் சாற்றை இழுக்கவும் 16 மடங்கு வாயில் திறக்கிறது. காற்று அதைக் கெடுக்கவும் அதே வாயில் திறக்கிறது. ஆகவே அரைத்த உடனே பயன்படுத்துவதே முறை.

வறுத்த காப்பியின் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை நீரில் கரையக்கூடியது. கரைவதை எல்லாம் கரைத்துவிட்டால் சுவை கெடும். 1950-களில் அமெரிக்காவில் எர்னஸ்ட் லாக்ஹார்ட் செய்த ஆய்வுகளிலிருந்து, 18 முதல் 22 சதவீதம் வரை கரைவதே சிறப்பு என்ற அளவுகோல் வழக்கில் வந்தது. குறைந்தால் புளிப்பும் மிகுந்தால் கசப்பும் மேலோங்கும்.

இங்கேதான் மிக்ஸியின் குறை வெளிப்படுகிறது. மிக்ஸியின் கத்தி அகப்பட்டதை வெட்டும்; அகப்படாததை விட்டுவிடும். எனவே ஒரே பொடியில் மாவும் இருக்கும், குருணையும் இருக்கும். அரிசியையும் நொய்யையும் ஒரே பானையில் போட்டு வேக வைத்தால் என்ன ஆகும்? அரிசி வேகுமுன் நொய் குழைந்துவிடும். அதுபோல் மாவிலிருந்து கசப்பும் குருணையிலிருந்து புளிப்பும் ஒரே கோப்பையில் இறங்குகின்றன. இன்னும் சற்று ஓட்டினால் மாவு பெருகுமேயன்றிப் பொடி சீராகாது.

பல் வெட்டிய இரு உலோகப் பரப்புகளுக்கிடையே கொட்டையை நசுக்கும் அரைவை இயந்திரம் வேறு வகையானது. இரு பரப்புகளுக்கும் உள்ள இடைவெளியே துகளின் அளவைத் தீர்மானிக்கிறது. இது நமக்குப் புதியதன்று. அந்நாளில் பல வீடுகளில் மணையில் திருகி வைத்த கைச்சுற்று மிஷின் இருந்ததே, அதன் தத்துவமும் இதுதான். பாட்டியின் மிஷின் எங்கள் பரணில் துருவேறிக் கிடந்தது. இறக்கித் துடைத்து அரைத்துப் பார்த்தோம். பில்டருக்கு அருமையான பொடி வந்தது. ஆனால் அச்சு தேய்ந்து ஆடியதால் எஸ்பிரஸ்ஸோவுக்கு வேண்டிய நுண்மை கிடைக்கவில்லை. அதற்கென நுண்ணிய படிகளில் திருகக்கூடிய ஒரு சிறு கையரைவை பின்னர் வாங்கினோம்.

கொட்டையை அரைக்குமுன் ஒரு துளி நீர் தெளித்துக் கிளறினால், உராய்வில் உண்டாகும் நிலைமின்சாரம் குறைந்து பொடி ஒட்டாது. அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வும் இதை விளக்கியது. இயந்திரத்தில் தங்கும் பழைய பொடியை வாரம் ஒருமுறை தூரிகையால் துடைக்க வேண்டும். நீர் விட்டுக் கழுவினால் துருப்பிடிக்கும்.

தராசும் கடிகாரமும்

எங்கள் வீட்டில் பொடியைக் கரண்டியால் அளந்து வந்தோம். நுண்பொடியும் பருபொடியும் ஒரு கரண்டிக்கு ஒரே எடை நிற்பதில்லை. ஆகவே தராசு வேண்டும். ஒரு வாரம் நான் தராசும் கடிகாரமும் வைத்துக் குறித்துப் பார்த்தேன். மிக்ஸிப் பொடியில் ஒரு நாள் 11 வினாடியில் சாறு கொட்டிவிட்டது. மற்றொரு நாள் 40 வினாடி கடந்தும் சொட்டிக்கொண்டிருந்தது. கை அதே கை, பொடிதான் வேறு!

சீர் செய்யும் வழி இது. எடையை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். சாறு விரைந்து இறங்கிப் புளித்தால் ஒரு படி நைஸாக அரையுங்கள். சொட்டுச் சொட்டாக இறங்கிக் கசந்தால் ஒரு படி பருமனாக்குங்கள். ஒரு வேளைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. கொட்டைக்கு வயதாக ஆக வாயு குறைந்து சாறு விரைவாக இறங்கும். அப்போது சற்று நைஸாக்க வேண்டும்.

மற்றொன்று: சிக்கரி கலந்த பொடி எஸ்பிரஸ்ஸோவுக்கு ஏற்றதன்று. சிக்கரி ஒரு செடியின் வேர். எளிதில் ஈரம் இழுக்கும், நீரில் மிகுதியாகக் கரைந்து கிண்ணத்தை அடைக்கும். நம் நாட்டுச் சட்டப்படி கலப்புப் பொடியில் சிக்கரி 49 சதவீதம் வரை இருக்கலாம். ஆகவே உறையில் உள்ள அளவைப் படித்து வாங்குவது பில்டர் காப்பிக்காரர்களுக்கும் நல்லது.

முடிவுரை

இப்போது டப்பா அடுப்பை விட்டு நகர்ந்துவிட்டது. தாயார் காலையில் 18 கிராம் நிறுத்து, அரைத்து, கடிகாரத்தைப் பார்க்கிறார். 27, 28 வினாடியில் சாறு இறங்குகிறது. தந்தையார் ஒன்றும் சொல்வதில்லை. இரண்டாவது கோப்பை கேட்கிறார். நான் எழுதி வைத்த நோட்டை அவரிடம் காட்டியபோது, பக்கங்களைப் புரட்டிவிட்டு, “அப்படியானால் அன்றைக்கு நான் கேட்டது தப்பு” என்றார். அதைத் தாயார் காதில் விழும்படியே சொன்னார்.

நண்பர்களே! நாம் படிக்கும் மேற்பரப்பும் வினைவேகமும் தேர்வுத் தாளோடு முடிந்துவிடுபவை அல்ல. ஒருவருடைய கையைக் குறை சொல்லுமுன் அவர் கையில் நாம் கொடுத்த பொருளைச் சோதித்துப் பார்க்கக் கற்றால், அதுவே நாம் கற்ற அறிவியலின் பயன்.