புதிய உலர்களமும் பதினான்கு நாட்களும்

ஊருக்கு ஓர் உலர்களம் அமையுமாயின் விவசாயிகளின் பெருங்குறை தீரும். ஆயினும், சில களங்களில் ஓராண்டு கழியுமுன்னரே மேற்பரப்பு பொடிந்து, நெல்லோடு மணலும் கலந்து வருவதைக் காண்கிறோம். உடனே கலவையைக் குறை கூறுகிறோம். கலவை நன்றாயிருந்தும் இக்கேடு நேரலாம். தளம் போட்ட பின் அதனைப் பேணாமையும் இதற்குக் காரணமாகும்.

சிமெண்டு காய்ந்து இறுகுவதாக நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. அது நீருடன் இரசாயன முறையில் கூடியே இறுகுகிறது. அந்நீர் வெயிலிலும் காற்றிலும் ஆவியாகிவிட்டால் இறுகும் வேலை பாதியில் நின்றுவிடும். பரந்து கிடக்கும் களத்தில் மேற்பரப்பே முதலில் கெடும்.

எனவே, விரல் பதியாத அளவிற்குத் தளம் இறுகியதும் நனைத்த சாக்குகளால் மூடுதல் வேண்டும். மறுநாள் களிமண்ணால் வரப்பிட்டுப் பாத்திகளில் நீர் தேக்கலாம். களத்திற்கு வாட்டம் உண்டாதலால் பாத்திகள் சிறியனவாயிருத்தல் நலம். காலையும் மாலையும் நீர் தெளித்தால் மட்டும் போதாது. நடுப்பகலில் தளம் காய்ந்துவிடும்.

ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர விதியின்படி, சாதாரண போர்ட்லண்டு சிமெண்டிற்குக் குறைந்தது 7 நாட்களும், வெப்பமும் வறட்சியும் மிக்க காலத்தில் 10 நாட்களும் ஈரம் காத்தல் வேண்டும். மூட்டையில் பி.பி.சி. என்றிருந்தால் அது சாம்பல் முதலியன கலந்த சிமெண்டு. அதற்கு 10 நாட்களுக்குக் குறையலாகாது, 14 நாட்களே சிறந்தது. கான்கிரீட்டின் வலிவு 28ஆம் நாளைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. அதுவரை டிராக்டரையும் பாரவண்டியையும் களத்தில் ஏற்றாதிருப்போமாக.

களத்திற்குச் செல்லும் பாதை தார்ப்பாதையாயின் முறை வேறு. தார் சூடு ஆறுவதால் இறுகுவது. அதற்கு ஈரம் காக்க வேண்டுவதில்லை. புதிய பாதையில் பாரவண்டியை ஒரே இடத்தில் நெடுநேரம் நிறுத்தினால் பள்ளம் விழும். டீசலும் மண்ணெண்ணெயும் தாரைக் கரைக்குமாதலால் அவை சிந்தாமல் காத்தல் வேண்டும்.

தளம் முடிந்ததும் கொத்தனார் சென்றுவிடுவார். பின்னர் நீர் விடுவது யார் என்ற கேள்வி எழும். அப்பொறுப்பை ஒப்பந்தத்திலேயே எழுதி, நாள்தோறும் பார்வையிட ஓர் உறுப்பினரை ஊராட்சி மன்றம் அமர்த்துதல் நன்று. அறுவடைக்கு ஒரு மாதத்திற்கு முன்பே தளத்தை முடித்தால் அவசரமும் நேராது. ஊர்ப் பணத்தால் அமைந்த களம் நெடுங்காலம் உழைப்பதற்கு நாம் தரவேண்டியது, இரண்டு வார நீரும் கவனமுமே.