டென்ஷனர் உடைந்தால் முதலில் ஸ்கேலை எடுங்கள்

சூளகிரியில் வீட்டு வாசலில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பவருக்கு ஸ்பானர் பிடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் ஓசூரில் கால் ஊன்றிய பிறகு சுற்றுவட்டாரத்தில் முளைத்த உதிரிபாகப் பட்டறைகளில் லேத், சிஎன்சி, மெயின்டனன்ஸ் என்று வேலை பார்த்த ஆள் இல்லாத தெரு இங்கே குறைவு. ஃபேன் பெல்ட் டென்ஷனர் உடையும்போது அந்தத் திறமையே வினையாகிவிடுகிறது. டென்ஷனரின் உடைந்த கைக்கு ஒரு வெல்ட் வைக்கலாம், ஆட்டம் கண்ட இடத்துக்கு ஒரு புஷ் கடைந்து போடலாம் என்று கை பரபரக்கிறது. நான் சொல்ல வருவது இதற்கு நேர் எதிர். டென்ஷனர் தானாக உடைவது அபூர்வம். பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்று அதை அடித்து உடைத்திருக்கும். பட்டறையில் கற்ற வித்தையை அந்த வேறொன்றைக் கண்டுபிடிக்கச் செலவிடுங்கள். டென்ஷனரைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

எந்தப் பெல்ட் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும் டைமிங் பெல்ட்டின் டென்ஷனர் போயிருந்தால் சாவியைத் தொடவே கூடாது. பல எஞ்சின்களில் ஒரு சுற்று சுற்றினாலே வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அது இந்தக் கட்டுரையில் அடங்கும் வேலை இல்லை. வெளி பெல்ட்தான் என்றாலும் வண்டிக்கு வண்டி ஆபத்து மாறும். மாருதியின் கே சீரிஸ் பெட்ரோல் எஞ்சினிலும், பழைய ஸ்விஃப்டின் 1.3 டீசலிலும் வாட்டர் பம்ப் இந்த வெளி பெல்ட்டில்தான் ஓடுகிறது. பெல்ட் போனால் எஞ்சின் சூடாகும், ஆனால் டைமிங் செயின் உள்ளே பத்திரமாக இருக்கும். 2012-இல் வந்த டஸ்டரின் 1.5 டீசலில் கதையே வேறு. அங்கே வாட்டர் பம்ப் டைமிங் பெல்ட்டோடு போகிறது. ஆனால் பிய்ந்த வெளி பெல்ட்டின் நார் கிராங்க் புல்லிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு டைமிங் மூடிக்குள் நுழைந்தால் எஞ்சினே போய்விடும். ஆகவே ‘ஏசி வேண்டாம், பேட்டரியை வைத்தே ஓசூர் வரை ஓட்டிவிடலாம்’ என்ற யோசனையை மறந்துவிடுங்கள். கயிறு கட்டி இழுப்பது மலிவு.

இனி உண்மையான வேலை. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி (ஜாக்கியை நம்பிக் கீழே படுக்காதீர்கள்), பெல்ட் போகும் வழியை போட்டோ எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கழற்றுங்கள். புது பாகம் வாங்கப் புறப்படும் முன் பழைய பெல்ட்டை மடித்து வெளிச்சத்தில் பாருங்கள். வெடிப்பு இல்லை, அதனால் பெல்ட் நல்லது என்று பலர் ஒதுக்கி வைக்கிறார்கள். பழைய ரப்பருக்கு அந்தக் கணக்கு சரி. இப்போது வரும் ஈபிடிஎம் ரப்பர் பெல்ட் வெடிக்காமலே தேயும். வரிப்பள்ளம் தேயத் தேய பெல்ட் புல்லிக்குள் ஆழமாக உட்காரும். அதனால் நீளம் கூடினதுபோல் ஆகி, டென்ஷனர் கை தன் கடைசி எல்லைக்குப் போய் ஒவ்வொரு அதிர்வுக்கும் அங்கேயே இடிக்கும். கை முறிந்த இடத்துக்கு அருகே பளபளவென்று தட்டையாகத் தேய்ந்த தடம் இருந்தால் காரணம் அதுதான். பெல்ட்டின் ஓரம் ஒரு பக்கம் மட்டும் நூல் நூலாகப் பிய்ந்திருந்தால் ஏதோ ஒரு புல்லி நேரில் இல்லை. ஒரு ஸ்டீல் ஸ்கேலைக் கிராங்க் புல்லியின் முகத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். முகங்களின் அளவு வேறுபட்டால் பள்ளத்துக்குப் பள்ளம் பாருங்கள். பிறகு எல்லாப் புல்லிகளையும் கையால் சுற்றுங்கள். வாட்டர் பம்ப் ஆடக்கூடாது, ஏசி புல்லி கரகரக்கக்கூடாது. டீசல் வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டர் புல்லி ஒரு திசையில் மட்டும் பிடிக்கும், மறு திசையில் வழுக்கிவிடும். அது இறுகிப்போய் இரண்டு பக்கமும் பிடித்தால் எஞ்சினின் ஒவ்வொரு உதறலும் டென்ஷனர் கைக்கு வரும். இதைக் கவனிக்காமல் போட்ட புது டென்ஷனரும் அதே அடியை வாங்கும். கல் குவாரி, கிரஷர், டிப்பர் லாரி என்று தூசி பறக்கும் இந்தப் பக்கத்தில் பேரிங் சீலின் ஓரத்தில் சாம்பல் நிறப் பசை படிந்திருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டியது.

‘மில்லில் எத்தனை டென்ஷனர் செய்து போட்டிருக்கிறோம், கார் என்ன பெரிசா?’ என்பார்கள். மெஷினில் இருப்பது பெரும்பாலும் இழுத்து நிறுத்தி நட்டு போடும் வகை. பழைய அம்பாசடரிலும் அப்படித்தான். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தால் போதும். தானியங்கி டென்ஷனருக்குள் முறுக்கு ஸ்பிரிங்கும், அதிர்வை அடக்கும் பிளாஸ்டிக் உரசு புஷ்ஷும் சேர்ந்திருக்கின்றன. வெல்ட் சூட்டில் புஷ் உருகும், ஸ்பிரிங்கின் உரம் போகும். வார்ப்பு அலுமினியத்தில் வைத்த வெல்ட்டோ துளை துளையாக நிற்கும். பேரிங் மட்டும் மாற்றலாமா என்ற கேள்வி நியாயமானது. கை நன்றாக இருந்து, புல்லி மட்டும் கத்தினால் மாற்றலாம். ஆனால் டென்ஷனர் புல்லி கிராங்க் புல்லியில் பாதி அளவே இருந்தால், எஞ்சின் 3000 சுற்றில் ஓடும்போது அது 6000 சுற்றில் ஓடும், அதுவும் எஞ்சின் சூட்டில். எண் மட்டும் பொருந்திய மலிவு பேரிங் அங்கே தாங்காது. என் விதி: முழு செட்டாக, பெல்ட்டோடு சேர்த்து, சேசிஸ் நம்பர் சொல்லி வாங்குங்கள். ஓசூரில் இல்லையென்றால் பெங்களூரு ஜே.சி. ரோட்டில் கிடைக்கும்.

வெல்டிங் கை தெரிந்தவருக்கு இந்த வேலையில் ஒரே ஓர் இடம் உண்டு: டென்ஷனர் போல்ட் முறிந்து உள்ளே நின்றுவிட்டால். துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்ட் அடியுங்கள். சூடே பாதிப் பிடிப்பை விடுவித்துவிடும். பேட்டரி நெகட்டிவோடு ஆல்டர்னேட்டர், ஈசியூ கனெக்டர்களையும் கழற்றிய பிறகுதான். துண்டு உள்ளே புதைந்திருந்தால் சரியாக மையத்தில் பஞ்ச் அடித்து, இடது சுற்று டிரில்லால் மெதுவாகத் துளையுங்கள். பல சமயம் டிரில்லே அதைக் கழற்றிக்கொண்டு வந்துவிடும். எக்ஸ்ட்ராக்டரை முறுக்கும்போது மட்டும் பலம் காட்டாதீர்கள். அது உள்ளே ஒடிந்தால், அந்தக் கடின எஃகைச் சாதாரண டிரில் தொடாது. புது போல்ட்டைப் பழையதன் நீளத்தோடு ஒப்பிடாமல் போடுவதும் நடக்கிறது. இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாயிருந்தால் போல்ட் துளையின் அடியில் முட்டி ‘டைட்’ என்று பொய் சொல்லும். டென்ஷனர் அசைந்து அசைந்து போல்ட்டை மறுபடி முறிக்கும்.

மாட்டுவது சுலபம். டென்ஷனரின் பின்பக்க முளை அதன் குழியில் உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்து, போல்ட்டின் மரையில் எண்ணெய் தடவாமல், மேனுவல் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சில் முடுக்குங்கள். பெல்ட்டின் வரிப்பக்கம் வரியுள்ள புல்லியில், முதுகு வழவழப்பான புல்லியில். எல்லாம் உட்கார்ந்த பிறகு ரெஞ்சால் டென்ஷனர் கையைப் பிடித்துக்கொண்டு பூட்டு பின்னை உருவி, மெதுவாக விடுங்கள். விட்டெறிந்தால் புது டென்ஷனர் முதல் நாளிலேயே அடி வாங்கும்.

பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்து ஏசியையும் ஹெட்லைட்டையும் போட்டு டென்ஷனர் கையைப் பாருங்கள். லேசாக நடுங்கலாம், துள்ளக்கூடாது. உடனே ஹைவேயில் ஏறாமல் பேரிகை ரோட்டில் ஒரு சுற்று போய் வந்து பானட்டைத் திறந்து பாருங்கள். புல்லிகளைச் சுற்றிக் கருப்புத் தூள் உதிர்ந்திருந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு மறுபடி ஸ்கேலை எடுக்க வேண்டியதுதான்.