அட்டைக்குள் இருக்கும் பணம்

கெடா மாநிலத்தின் தெற்கே அமைந்துள்ள கூலிம் நகரைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களே நிறைந்திருந்தன. பின்னர் பல தோட்டங்களில் ரப்பருக்குப் பதிலாகச் செம்பனை நடப்பட்டது. 1996ஆம் ஆண்டில் நாட்டின் முதல் உயர் தொழில்நுட்பப் பூங்கா கூலிமில் திறக்கப்பட்டது. பால்மரம் சீவியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரிகின்றனர். தொழில் மாறியதைப் போலவே சம்பளம் கைக்கு வந்து சேரும் வழியும் மாறிவிட்டது.

அன்று சம்பள நாளில் தோட்ட அலுவலகத்தின் முன் தொழிலாளர்கள் வரிசையில் நிற்பர். கிராணி பெயரைக் கூப்பிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுப்பார். மாதம் முழுவதும் மளிகைக் கடையில் வாங்கிய அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் ஆகியவற்றின் கணக்கு, ‘555’ எனும் சிறிய குறிப்பேட்டில் எழுதப்பட்டிருக்கும். கடன் அடைத்தது போக மிஞ்சியதே குடும்பத்தின் சேமிப்பு. இன்றோ சம்பளம் பெரும்பாலும் நேராக வங்கிக் கணக்கில் சேர்கிறது. கையில் இருப்பவை அட்டைகளும் கைப்பேசியும்தாம். பார்ப்பதற்கு எல்லா அட்டைகளும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆனால், அவற்றுக்குப் பின்னால் இருக்கும் பணம் ஒன்றன்று.

இருவகை அட்டைகள்

முதல் வகை, வங்கி வழங்கும் பற்று அட்டை. இதனை மக்கள் ‘டெபிட் கார்டு’ என்பர். இந்த அட்டைக்குள் பணம் இல்லை. பணம் வங்கிக் கணக்கில் இருக்கிறது. கடையில் அட்டையைப் பயன்படுத்தியவுடன் பொருளின் விலை அக்கணக்கிலிருந்து கழிக்கப்படுகிறது. கணக்கில் இல்லாத பணத்தைப் பொதுவாகச் செலவழிக்க முடியாது. எனவே, இது கடன்பற்று அட்டையிலிருந்து வேறுபட்டது. கடன்பற்று அட்டையில் வங்கி முதலில் கடன் கொடுத்துப் பின்னர் வசூலிக்கிறது.

இரண்டாம் வகை, முன்பண அட்டை. இதில் முதலில் பணத்தை நிரப்ப வேண்டும். பிறகு நிரப்பிய அளவுக்கே செலவழிக்கலாம். மலேசியர்கள் நன்கறிந்த முன்பண அட்டை ‘டச் அண்ட் கோ’ ஆகும். 1997ஆம் ஆண்டில் டோல் சாவடிகளில் அறிமுகமான இந்த அட்டை, பின்னர் வாகன நிறுத்துமிடம், ரயில், பேருந்து எனப் பரவியது. கூலிமிலிருந்து பட்டர்வொர்த்துக்கு விரைவுச் சாலையில் காரோட்டிச் செல்பவர் கட்டணச் சாவடியைக் கடக்க இத்தகைய அட்டையையே பெரிதும் நம்பியிருக்கிறார். அட்டையிலுள்ள சிறு சில்லிலேயே மீதத்தொகை பதிவாகியிருப்பதால், சாவடியில் வங்கியின் அனுமதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கைப்பேசியில் இயங்கும் மின்பணப்பைகளும் இதே வகையைச் சேர்ந்தவை. அவற்றில் அட்டை இல்லை என்பதைத் தவிர, பணத்தை முன்கூட்டியே நிரப்பும் முறை மாறவில்லை.

சிறிய கட்டணத்தின் பெரிய பங்கு

இவற்றில் எது மலிவானது? கட்டணப் பட்டியலை மட்டும் பார்த்து இந்தக் கேள்விக்கு விடை கூற இயலாது. ஒருவர் அட்டையை எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

சில இடங்களில் முன்பண அட்டையை நிரப்பும்போது ஒவ்வொரு முறையும் 50 சென் சேவைக் கட்டணம் கேட்கப்படுகிறது. 50 சென் என்பது பெரிய தொகையாகத் தோன்றாது. ஆனால், ஒருவர் கையில் உள்ளதைக் கொண்டு வாரந்தோறும் 10 ரிங்கிட் நிரப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டில் 52 வாரங்கள். அவர் நிரப்பும் தொகை 520 ரிங்கிட். அதற்காகச் செலுத்தும் கட்டணம் 26 ரிங்கிட். அதாவது, 5 விழுக்காடு. மற்றொருவர் அதே 520 ரிங்கிட்டை நான்கு வாரத்திற்கு ஒருமுறை, 40 ரிங்கிட்டாக நிரப்புகிறார். அவர் 13 முறையே நிரப்புவதால் கட்டணம் 6 ரிங்கிட் 50 சென் மட்டுமே. அது 1.25 விழுக்காடு. இருவரும் ஒரே அட்டையைத்தான் வைத்திருக்கின்றனர். ஆயினும், முதலாமவர் நான்கு மடங்கு கட்டணம் செலுத்துகிறார்.

பற்று அட்டையிலும் இந்தக் கணக்கு பொருந்தும். பல வங்கிகள் பற்று அட்டைக்கு ஆண்டுக் கட்டணமாக 8 ரிங்கிட் அளவில் வசூலிக்கின்றன. இது அனைவருக்கும் எளிதில் தெரியும் கட்டணம். எளிதில் தெரியாத கட்டணம் வேறொன்று உண்டு. ஒரு வங்கியின் அட்டையைக் கொண்டு வேறொரு வங்கியின் தானியங்கி இயந்திரத்தில் பணம் எடுத்தால், ஒவ்வொரு முறையும் 1 ரிங்கிட் கழிக்கப்படுகிறது. கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் நிறுத்தி வைக்கப்பட்ட இக்கட்டணம், 2022 பிப்ரவரியில் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. நகரத்திலிருந்து தொலைவில் வாழ்பவருக்கு அருகில் இருப்பது வேறு வங்கியின் இயந்திரமாக இருக்கலாம். அவர் வாரம் இருமுறை 20 ரிங்கிட் எடுத்தால், ஆண்டுக்கு 104 ரிங்கிட் கட்டணமாகவே போய்விடும். இங்கும் கட்டணம் 5 விழுக்காடுதான். ஒரே முறையில் 200 ரிங்கிட் எடுத்தால், அதே 1 ரிங்கிட் அரை விழுக்காடாகக் குறைந்துவிடும்.

‘சிறுதுளி பெருவெள்ளம்’ என்பது சேமிப்புக்கு மட்டும் உரிய பழமொழியன்று, கட்டணத்திற்கும் பொருந்தும். தொகை எதுவாயினும் மாறாத கட்டணம், சிறுகச் சிறுகச் செலவழிப்பவரிடமே அதிகமாக வாங்குகிறது. வருமானம் குறைந்த குடும்பங்களே பெரும்பாலும் சிறுகச் சிறுகச் செலவழிக்கின்றன. ஆகவே, கட்டணத்தைச் சென்னில் பார்ப்பதோடு நின்றுவிடாமல் விழுக்காட்டிலும் கணக்கிட்டுப் பார்ப்பது அவசியம்.

எங்கும் செல்லும் பணம், சில இடங்களில் மட்டும் செல்லும் பணம்

கட்டணம் மட்டுமே செலவன்று. பணத்தை எங்கே பயன்படுத்தலாம் என்பதும் அதன் மதிப்பைச் சார்ந்ததே.

நம் நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் இதனை அன்றே உணர்ந்திருந்தது. தொழிலாளி தம் சம்பளத்தை எந்த இடத்தில், எந்த முறையில், யாரிடம் செலவழிக்க வேண்டும் என்று முதலாளி நிபந்தனை விதிக்கக் கூடாது என அச்சட்டம் கூறுகிறது. குறிப்பிட்ட ஒரு கடையில் மட்டுமே செல்லும் கூலி, முழுமையான கூலியாகாது. உழைத்தவர் விலையை ஒப்பிட்டு வாங்கவும், வாங்காமல் சேமிக்கவும் உரிமை பெற்றிருக்க வேண்டும் என்பதே இதன் உட்பொருள்.

முன்பண அட்டையில் நிரப்பிய பணமும் ஓரளவு இத்தகைய எல்லைக்கு உட்பட்டதே. அட்டையில் 80 ரிங்கிட் இருக்கலாம். ஆனால், அந்த அட்டையை ஏற்காத சந்தைக் கடையில் அதைக் கொண்டு ஒரு கட்டுக் கீரைகூட வாங்க முடியாது. சில வகைப் பணத்திற்குக் காலக்கெடுவும் உண்டு. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரசாங்கம் ‘இ-துனாய் ராக்யாட்’ திட்டத்தின் வழி, தகுதி பெற்றோருக்கு மின்பணப்பையில் 30 ரிங்கிட் வழங்கியது. அதே ஆண்டு மார்ச் மாதத்திற்குள் அதனைச் செலவழித்துவிட வேண்டியிருந்தது. மக்கள் மின்பணப்பையைப் பயன்படுத்தப் பழக வேண்டும் என்ற நோக்கத்திற்கு அந்தக் காலக்கெடு பொருத்தமானது. ஆனால், ஒரு குடும்பத்தின் அவசரச் சேமிப்புக்குக் காலக்கெடு பொருந்துமா? எனவே, எந்த முன்பண அட்டையாயினும் அதன் காலாவதி நாளையும், மீதத்தைத் திரும்பப் பெறும் முறையையும் முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும்.

அட்டை தொலைந்தால்

பாதுகாப்பைப் பொறுத்தவரை இரு அட்டைகளுக்கும் நன்மையும் உண்டு, குறையும் உண்டு.

டோல் சாவடியில் பயன்படுத்தும் முன்பண அட்டை இரகசிய எண் கேட்பதில்லை. கையில் வைத்திருப்பவர் எவராயினும் அதைப் பயன்படுத்த முடியும். எனவே, அது தொலைவது பணத்தாள் தொலைவதைப் போன்றது. எனினும், இழப்பு அட்டையில் இருந்த தொகையோடு நின்றுவிடும். அதில் 40 ரிங்கிட் இருந்தால், போவதும் 40 ரிங்கிட்தான்.

பற்று அட்டையின் நிலை வேறு. 2017 ஜூலை முதல் கையொப்பத்திற்குப் பதிலாக ஆறு இலக்க இரகசிய எண் நடைமுறைக்கு வந்தது. அட்டை தொலைந்தவுடன் வங்கியைத் தொடர்புகொண்டு அதனை முடக்கலாம். ஆயினும், அட்டையைத் தொட்டுச் செலுத்தும் முறையில் ஒரு தடவைக்குப் பொதுவாக 250 ரிங்கிட் வரை இரகசிய எண் தேவைப்படுவதில்லை. அட்டைக்குப் பின்னால் இருப்பதோ முழுச் சம்பளம். இந்த வசதி தேவைப்படாதவர், அதன் வரம்பைக் குறைக்கும்படியோ வசதியை நிறுத்தும்படியோ வங்கியைக் கேட்கலாம். அட்டையின் பின்புறம் இரகசிய எண்ணை எழுதி வைப்பதும், பணம் எடுத்துத் தரும்படி அட்டையையும் எண்ணையும் பிறரிடம் கொடுத்தனுப்புவதும் பூட்டோடு சாவியையும் சேர்த்துக் கொடுப்பதற்கு ஒப்பாகும். இணைய மோசடியில் பணத்தை இழந்தவர், காலம் தாழ்த்தாமல் தம் வங்கிக்கும் 997 எனும் தேசிய மோசடி எதிர்வினை மைய எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும்.

நிறுவனம் தடுமாறினால்

அட்டை தொலையாவிட்டாலும், அதை வழங்கிய நிறுவனம் தடுமாறினால் என்ன ஆகும்?

மலேசியாவில் வங்கியில் வைத்துள்ள பணத்திற்குக் காப்புறுதி உண்டு. 2005ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட ‘பிஐடிஎம்’ எனும் மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம், ஓர் உறுப்பு வங்கியில் ஒருவர் வைத்திருக்கும் தகுதியுள்ள வைப்புத்தொகைக்கு 250,000 ரிங்கிட் வரை பாதுகாப்பளிக்கிறது. இதற்காக வைப்பாளர் தனியே கட்டணம் செலுத்துவதில்லை. முன்பண அட்டையிலும் மின்பணப்பையிலும் உள்ள தொகை வங்கி வைப்புத்தொகையன்று. எனவே, பயனர் அதற்கு இந்தக் காப்புறுதியை நேரடியாகப் பெறுவதில்லை. அத்தகைய நிறுவனங்களை மத்திய வங்கியான பேங்க் நெகாரா மேற்பார்வையிடுகிறது. பயனர்களின் பணத்தை நிறுவனத்தின் சொந்தப் பணத்தோடு கலக்காமல் தனியே வைக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. இது முக்கியமான பாதுகாப்பு. ஆனால், பணம் பத்திரமாக இருப்பதும் வேண்டிய நேரத்தில் கைக்குக் கிடைப்பதும் ஒன்றல்ல.

2020 ஜூன் மாதம் ஜெர்மனியின் ‘வயர்கார்ட்’ நிறுவனத்தின் கணக்குகளில் 190 கோடி யூரோ இல்லை என்பது வெளிப்பட்டு, அந்நிறுவனம் நொடித்துப் போனது. பிரிட்டனில் இருந்த அதன் துணை நிறுவனம், பல முன்பண அட்டைகளை வழங்கி வந்தது. அந்நாட்டு நிதிக் கண்காணிப்பு அமைப்பு, பயனர்களின் பணத்தைக் காக்கும் பொருட்டு அத்துணை நிறுவனத்தின் செயல்பாடுகளை நிறுத்தியது. சில நாள்களில் தடை நீக்கப்பட்டது. ஆயினும், அந்நாள்களில் அட்டையை மட்டுமே நம்பியிருந்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தைக் கொண்டு உணவுப் பொருள் வாங்கவும் இயலாமல் தவித்தனர். இந்தியாவிலும் ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி, 2024 மார்ச் 15க்குப் பிறகு ‘பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கி’யின் மின்பணப்பையிலும் சுங்கச்சாவடி வில்லையிலும் புதிதாகப் பணம் நிரப்ப முடியாமற்போனது. ஏற்கெனவே இருந்த மீதத்தைப் பயன்படுத்த அனுமதி இருந்தது. ஆனால், மக்கள் வேறு வழியைத் தேட வேண்டியதாயிற்று.

தேர்ந்தெடுக்கும் முறை

முன்பண அட்டை தீயது, பற்று அட்டை நல்லது என்று இதனால் முடிவு செய்துவிடக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் உண்டு. டோல் சாவடிக்கு முன்பண அட்டை ஏற்றது. வெளியூரில் தங்கிப் படிக்கும் மகளுக்குச் செலவை வரையறுத்துக் கொடுக்க விரும்பும் பெற்றோருக்கும் முன்பண அட்டை உதவும். சம்பளத்தை வைக்கவும், சேமிக்கவும், பெரிய தொகையைச் செலுத்தவும் வங்கிக் கணக்கும் பற்று அட்டையும் ஏற்றவை.

இதனை ஒரு வீட்டின் அரிசிப் பானையோடு ஒப்பிடலாம். அன்றைக்குச் சமைக்க வேண்டிய அரிசியைப் படியில் அளந்து எடுக்கிறோம். மூட்டை முழுவதையும் அடுப்படியில் கொட்டி வைப்பதில்லை. முன்பண அட்டை அந்தப் படியைப் போன்றது. விரைவில் செலவழிக்கப் போகும் தொகைக்கு மட்டுமே அது உரியது. மூட்டை இருக்க வேண்டிய இடம் வங்கி.

புதிய அட்டை ஒன்றை வாங்குமுன் ஐந்து கேள்விகளைக் கேட்பது நன்று. இதை வாங்கவும் நிரப்பவும் எவ்வளவு கட்டணம்? பயன்படுத்தாமல் வைத்திருந்தால் கட்டணம் உண்டா? எங்கெங்கே இது செல்லும்? தொலைந்தால் முடக்க முடியுமா? மீதத்தை எப்படித் திரும்பப் பெறுவது? விற்பவரால் இவற்றுக்குத் தெளிவாக விடை கூற முடியாவிட்டால், அந்த அட்டையை அன்றே வாங்க வேண்டிய அவசியமில்லை.

அன்றைய தொழிலாளி 555 குறிப்பேட்டைக் கடைக்காரரிடமிருந்து வாங்கி, எழுதியது சரிதானா என்று பார்த்த பிறகே பணம் கொடுத்தார். எழுத்தறியாதவர்கள்கூடப் படித்த பிள்ளைகளைக் கொண்டு படித்துக் காட்டச் சொன்னார்கள். இன்று அந்தக் குறிப்பேட்டின் இடத்தில் வங்கி அறிக்கையும் கைப்பேசிக் கணக்குப் பதிவும் இருக்கின்றன. மாதம் ஒருமுறையேனும் அவற்றை வரிவரியாகப் பார்ப்பதும், வீட்டிலுள்ள பெரியோருக்குப் படித்து விளக்குவதும் இன்றைய பிள்ளைகளின் கடமையாகும்.

கருத்துணர் கேள்விகள்

1. பற்று அட்டைக்கும் முன்பண அட்டைக்கும் இடையிலான அடிப்படை வேறுபாடு யாது?
2. ஒரே அளவு பணத்தை நிரப்பிய இருவருள் ஒருவர் மட்டும் நான்கு மடங்கு கட்டணம் செலுத்தியதற்குக் காரணம் என்ன?
3. ‘பணம் பத்திரமாக இருப்பதும் வேண்டிய நேரத்தில் கைக்குக் கிடைப்பதும் ஒன்றல்ல.’ பனுவலில் உள்ள சான்றைக் கொண்டு இக்கூற்றை விளக்குக.
4. முன்பண அட்டையைப் படியோடு ஒப்பிட்டிருப்பது பொருத்தமானதா? உம் கருத்தை எழுதுக.
5. உம் குடும்பத்தினர் பயன்படுத்தும் அட்டைகளுக்கும் மின்பணப்பைகளுக்கும் ஒரு மாதத்தில் செலுத்திய கட்டணங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் விழுக்காட்டில் கணக்கிடுக.